முதுகுன்றத்தின் மண்ணும் மணமும்



சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் ரயில் வண்டிகள் பல விருத்தாசலம் சந்திப்பில் சிறிது நேரம் நிற்கும். கடலூருக்கும் சேலத்துக்கும் போகும் பாதைகள் அங்கேதான் பிரிகின்றன. வண்டி நின்றதும் பயணிகள் தேநீர் வாங்கிப் பருகுவர், குடிநீர் நிரப்பிக்கொள்வர், வண்டி நகர்ந்ததும் ஊரை மறந்துவிடுவர். சுற்றுலா செல்வோர் சிதம்பரத்தை நாடுவர், பிச்சாவரத்துக்குச் செல்வர், புதுச்சேரிக்கும் போவர். விருத்தாசலத்தில் இறங்கித் தங்கிப் பார்க்க வேண்டும் என்று எண்ணுவோர் மிகச் சிலரே. அவ்வாறு இறங்குவோர்க்கு அவ்வூர் எதைக் காட்டும், எதை ஊட்டும் என்பதைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் இருந்தவன் நான். ஆண்டுதோறும் மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். புறப்படுமுன் அவர்களுக்கு நான் சொல்லும் சொல் ஒன்று உண்டு. ஓர் ஊரை அறிய விரும்பினால் முதலில் அதன் மண்ணைப் பாருங்கள். அடுத்து அந்த மண்ணைக் கொண்டு மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு அவர்கள் என்ன உண்கிறார்கள் என்று கேளுங்கள். இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது புலப்படும்போது அந்த ஊர் உங்களுக்கு விளங்கிவிட்டது என்று கொள்ளலாம். இம்முறையைக் கையாள்வதற்கு விருத்தாசலத்தைவிடப் பொருத்தமான ஊர் நம் பக்கத்தில் அரிது.

பெயரிலிருந்தே தொடங்குவோம். விருத்தம் என்றால் முதுமை. அசலம் என்றால் மலை. தேவாரம் பாடிய மூவரும் இவ்வூரைப் போற்றியுள்ளனர். அக்காலத்தில் வழங்கிய தூய தமிழ்ப்பெயர் திருமுதுகுன்றம் என்பது. இறைவனுக்கும் பழமலைநாதர் என்றே பெயர். ஆனால் ஊருக்குள் நுழையும் மாணவன், "ஐயா, குன்று எங்கே?" என்று கேட்பான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளிதான். மலை நிலத்துள் அமிழ்ந்துவிட்டது என்பது புராணம். புராணத்தை அதன் இடத்தில் வைத்துப் போற்றிவிட்டு, நிலத்துக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று நிலநூலாரைக் கேட்போம்.

விருத்தாசலத்துக்குக் கிழக்கே நெய்வேலி, வடலூர், பண்ருட்டி, கடலூர் எனப் பரந்து கிடக்கும் மேட்டு நிலத்தைக் 'கடலூர் மணற்கல்' என்ற பெயரால் அவர்கள் குறிப்பர். கோடி ஆண்டுக் கணக்கில் படிந்த படிவு அது. அதன் மேற்பரப்பு செம்மண், இடையிடையே வெண்களிமண், அதற்கும் கீழே பழுப்பு நிலக்கரி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அதன் பயனாக 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது. சுரங்கத்துக்காகத் தம் வயலையும் வீட்டையும் விட்டு அகன்ற ஊர்கள் பல என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். ஆக, ஒரே நிலத்துக்குச் செம்மை, வெண்மை, பழுப்பு என மூன்று நிறங்கள். செம்மை உணவு தருகிறது. வெண்மை கலம் தருகிறது. பழுப்பு விளக்கெரிக்கும் மின்சாரம் தருகிறது. உயர்ந்த வெண்களிமண்ணுக்கு உலகம் வழங்கும் பெயர் கயோலின் என்பது. சீன நாட்டில் அம்மண் கிடைத்த காவ்லிங் என்னும் இடத்தின் பெயரே அவ்வாறு திரிந்தது. உயர்ந்த குன்று என்பது அதன் பொருள். அங்கும் பெயரில் ஒரு குன்று இருக்கக் காண்கிறோம்.

இனி ஊருக்குள் செல்வோம். மணிமுத்தாற்றின் கரையில் நிற்கிறது பழமலைநாதர் கோயில். கல்வராயன் மலையில் பிறக்கும் இவ்வாறு விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் சோழமாதேவியாகிய செம்பியன் மாதேவி இக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். ஐந்து கோபுரம், ஐந்து திருச்சுற்று, ஐந்து கொடிமரம், ஐந்து தேர் என எல்லாவற்றையும் ஐந்தைந்தாக எண்ணிக் காட்டுவது உள்ளூர் மரபு. தரைமட்டத்துக்குக் கீழே பதினெட்டுப் படிகள் இறங்கிச் சென்றால் ஆழத்துப் பிள்ளையாரைக் காணலாம். சக்கரங்கள் பூட்டிய தேர்போல் அமைந்த மண்டபத்தையும், கோபுர வாயிலில் நாட்டியக் கரணங்களைக் காட்டும் சிற்பங்களையும் விரைந்து பார்த்துவிட்டுப் போகாதீர்கள். தஞ்சை, கும்பகோணம், சிதம்பரம், திருவண்ணாமலை ஆகிய ஊர்களோடு சேர்த்து, கரணச் சிற்பம் கற்போர் தேடி வரும் இடம் இது. "காசிக்கு வீசம் அதிகம் விருத்தகாசி" என்பது இப்பக்கத்துப் பழமொழி. வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. தம் ஊரைக் காசிக்கு மேலாகச் சொல்லும்போதும் அளந்தே சொன்ன நம் முன்னோரின் அடக்கத்தை வியக்கத்தான் வேண்டும்.

இக்கோயிலைப் பற்றி வழங்கும் கதைகளுள் இரண்டைச் சொல்கிறேன். சுந்தரர் இங்கே பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது ஒன்று. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்று நாம் இன்றும் சொல்கிறோம் அல்லவா? அந்தப் பேச்சுக்குப் பின்னால் நிற்பது இக்கதைதான். மற்றொன்று விபசித்து முனிவரின் கதை. கோயில் திருப்பணி செய்த தொழிலாளர்க்கு அவர் மாலைதோறும் வன்னி இலையையே கூலியாக அளந்து கொடுத்தாராம். அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி அந்த இலை பொன்னாக மாறியதாம். வன்னியே இன்றும் இத்தலத்தின் மரம். உழைப்புக்கு ஏற்ற கூலி என்னும் கருத்தை இவ்வூர் எத்தனை பழங்காலத்திலேயே கதையாக்கி வைத்திருக்கிறது! இக்கதையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

ஊருக்கு மேற்கே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. வழக்குமன்றத்தில் மனுக் கொடுப்பதுபோல், தம் குறையைத் தாளில் எழுதி முருகனிடம் 'பிராது' கட்டுவது அங்குள்ள வழக்கம். குறை தீர்ந்தபின் அப்பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் உண்டு. களவு, கடன், குடும்பப் பிணக்கு என்று எளிய மக்களின் துயரங்கள் அத்தனையும் அந்தத் தாள்களில் அடங்கியிருக்கும்.

இனி வெண்மண்ணுக்கு வருவோம். விருத்தாசலத்தைச் 'செராமிக் நகரம்' என்று அழைப்பது வழக்கம். பீங்கான் என்பது நமக்குப் பழகிய சொல். பாரசீக மொழியில் கிண்ணத்தைக் குறித்த சொல்லே நம்மிடம் பீங்கானாக வந்து சேர்ந்தது. மலாய் மொழியில் தட்டைப் 'பிங்கான்' என்கின்றனர். கப்பலேறிய கலத்தோடு சொல்லும் கப்பலேறிய கதை இது. இவ்வூரில் செராமிக் தொழிற்பேட்டையும், இத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்விநிலையமும் அமைந்தன. சிறு தொழிற்கூடங்களில் அகல் விளக்குகள், கொலுப் பொம்மைகள், ஊறுகாய் ஜாடிகள், மின்சாதன உறுப்புகள் முதலியன உருவாயின.

ஒரு கூடத்தினுள் சென்று பார்த்தால் ஒரு வகுப்பறையில் கற்கும் வேதியியலைக் கண்ணாலேயே கற்கலாம். களிமண்ணோடு படிகக்கல், பெல்ட்ஸ்பார் ஆகியவற்றைச் சேர்த்து, உருளும் ஆலையில் நீர்விட்டு அரைக்கிறார்கள். அக்குழம்பைப் பாரிஸ் சாந்தினால் ஆன அச்சில் ஊற்றுகிறார்கள். சாந்து நீரை உறிஞ்ச, அச்சின் சுவரை ஒட்டி மண் படிகிறது. எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றிடமுள்ள பொம்மை கிடைக்கிறது. பிறகு உலர்த்தல், முதற் சூளை, மெருகுக் குழம்பில் தோய்த்தல், மறுபடியும் சூளை. ஆயிரம் பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் மெருகு உருகிக் கண்ணாடிபோல் மேலே போர்த்துக்கொள்கிறது. ஒரு முறை என்னுடன் வந்த மாணவி, அச்சு பெரிதாகவும் பொம்மை சிறிதாகவும் இருப்பது ஏன் என்று கேட்டாள். உலரும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். சுருங்கும் அளவை முன்னரே கணக்கிட்டு அச்சைப் பெரிதாக்க வேண்டும் என்று அங்கிருந்த தொழிலாளி விளக்கினார். நான் கரும்பலகையில் பலமுறை எழுதிய சதவீதக் கணக்கு அன்று அவளுக்கு உயிர்பெற்றது.

ஆனால் இத்தொழில் இன்று தளர்ந்திருக்கிறது. காரணங்களை அறிவது நல்லது. முன்பு வீடுதோறும் மின்சாரப் பெட்டியில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இருந்தன. அவை இவ்வூரிலும் உருவாயின. இப்போது புது வீடுகளில் தானே துண்டித்துக்கொள்ளும் மின்விசைகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. தட்டும் குவளையும் குர்ஜாவிலிருந்தும், ஓடும் கழிப்பறைச் சாதனமும் குஜராத்தின் மோர்பியிலிருந்தும், பொம்மைகள் சீனத்திலிருந்தும் வந்து குவிகின்றன. எரிபொருளின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. கார்த்திகை விளக்கும் நவராத்திரிப் பொம்மையுமே பல கூடங்களைத் தாங்கி நிற்கின்றன. ஆண்டில் சில திங்கள் மட்டும் வேலை என்றால் இளைஞர் எவ்வாறு இத்தொழிலைக் கற்க முன்வருவர்? வன்னி இலை பொன்னான ஊரில், கைத்திறன் கூலியாக மாறவில்லை என்பதே இன்றைய வருத்தம்.

மண்ணைப் பார்த்தோம், தொழிலைப் பார்த்தோம், இனி உணவைப் பார்ப்போம்.

காலையில் விருத்தாசலத்தில் கேட்டு வாங்க வேண்டியது தவலை வடை. அரிசியையும் பருப்பு வகைகளையும் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், தேங்காய், கறிவேப்பிலை சேர்த்துச் செய்வது. மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் கொண்டது. தவலை என்பது வாயகன்ற பாத்திரம். அந்தப் பாத்திரத்தின் பெயரையே ஏற்ற பலகாரம் இது. உணவையும் கலத்தையும் பிரித்துப் பாராத பழக்கம் நம்மிடமே இருந்தது என்பதற்கு இப்பெயரே சான்று.

செம்மண் மேட்டில் முந்திரிக் காடுகளைக் காணலாம். பிரேசில் நாட்டு மரமாகிய முந்திரியைப் போர்த்துகீசியர் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தனர். வேறு பயிர் தயங்கும் வறண்ட செம்மண்ணில் அது தழைத்தது. விருத்தாசலத்திலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம், ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய வி.ஆர்.ஐ. என்னும் வரிசையில் முந்திரி, நிலக்கடலை வகைகளை உருவாக்கி வெளியிட்டது. கோடையில் இப்பக்கம் வந்தால் முந்திரிப் பழத்தை உப்புத் தொட்டு உண்ணலாம். பச்சை முந்திரிப்பருப்பு இட்டுச் சமைத்த குழம்பையும் சுவைக்கலாம். பண்ருட்டிப் பலாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரை கடந்த தானே புயல் இம்முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. தலைமுறை தலைமுறையாகக் காய்த்த மரங்கள் ஒரே காலையில் விழுந்து கிடந்தன. நட்ட கன்றுகள் பலன் தரப் பல ஆண்டுகள் காத்திருந்தனர் உழவர்.

முந்திரிப்பருப்பை வாயிலிடும்போது ஒன்றை நினையுங்கள். அதன் ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது. கொட்டையை உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்துப் போகும். பருவகாலத்தில் கறைபடிந்த விரல்களோடு வகுப்புக்கு வந்த மாணவர்கள் எனக்கு இருந்தனர். எழுதுகோலை அவர்கள் மறைத்து மறைத்துப் பிடிப்பர். தாய்க்கு உதவிய கை மறைக்க வேண்டிய கையன்று என்று நான் அவர்களுக்குச் சொல்வேன். எனினும் பிள்ளைகள் அவ்வேலையில் ஈடுபடாத நிலை வர வேண்டும் என்பதே என் கவலை.

நிலக்கடலையை இப்பக்கத்தார் 'மல்லாட்டை' என்பர். மணிலாக்கொட்டை என்பதே மக்கள் நாவில் மல்லாட்டை ஆயிற்று. அறுவடைக் காலத்தில் மண்வாசனையோடு அவித்துத் தரும் மல்லாட்டைக்கு நிகரான சிற்றுண்டி ஏது! மேற்கே மானாவாரி நிலங்களில் கம்பும் உளுந்தும் விளையும். கம்பங்கூழும் மோர்மிளகாயும், உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் அந்நிலத்தின் உணவு. தென்கிழக்கே திருமுட்டம் என்னும் ஸ்ரீமுஷ்ணம் சென்றால் பூவராகப் பெருமாளுக்குக் கோரைக்கிழங்கு சேர்த்த உருண்டையைப் படைக்கின்றனர். பன்றி நிலத்தைக் கிளறித் தேடி உண்ணும் கிழங்கு அது. வராகமாய் வந்த திருமாலுக்கு அதுவே நிவேதனம். அப்பெருமாள் மாசி மகத்தின்போது கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருள்கையில் அங்குள்ள இசுலாமிய மக்கள் வரவேற்று மரியாதை செய்வர் என்பதும் அறியத்தக்கது.

கிழக்கே வடலூரில் வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்து வருவோர் யாராயினும் சாதி கேளாது, சமயம் கேளாது சோறிடும் இடம் அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நீங்கள் அங்கே அமர்ந்து ஒரு வேளை உண்ணுங்கள். எளிய சோறுதான், ஆனால் இப்பக்கத்து உணவுகளுள் தலையாயது எது என்று என்னைக் கேட்டால், நான் அதையே சொல்வேன்.

இவ்வளவு வளமும் ஓரிடத்தில் இருந்தும் இவை ஒன்றோடொன்று சேரவில்லை. சேர்த்துக் காட்டிய ஓர் ஊரைச் சொல்கிறேன். ஜப்பானின் தென்மேற்கே கியூஷு தீவில் சாகா என்னும் பகுதி உண்டு. டோக்கியோவையும் கியோட்டோவையும் காணச் செல்வோர் பெரும்பாலும் அங்கே செல்வதில்லை. அப்பகுதியில் அரிதா என்ற சிற்றூர். கொரியாவிலிருந்து ஜப்பானியப் படையோடு கொண்டுவரப்பட்ட குயவருள் ஒருவரான ரி சாம்பேய், 1616-ஆம் ஆண்டளவில் அவ்வூர்க் குன்றில் வெண்கல்லைக் கண்டு, ஜப்பானின் முதற் பீங்கானைச் செய்தார் என்பது அவ்வூர் வரலாறு. இமாரித் துறைமுகத்தின் வழியே டச்சுக் கப்பல்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றன. இன்று அங்கே செல்வோர், பழைய சூளைச் செங்கற்களால் கட்டிய சுவர்களைத் தெருக்களில் காண்கின்றனர். 1888-இல் பீங்கானாலேயே நிறுவிய கோயில் தோரண வாயிலை வணங்குகின்றனர். அப்பகுதியின் உணவை அப்பகுதியின் கலத்திலேயே உண்கின்றனர். ரயில் பயணிகளுக்கென்று, அரிதாப் பீங்கான் கிண்ணத்தில் கறிக்குழம்பும் சோறும் இட்டு விற்கும் ஏற்பாடும் அங்கே புகழ்பெற்றது. உண்டபின் கிண்ணத்தைப் பயணி தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். அக்கறி நம் நாட்டிலிருந்து இங்கிலாந்து வழியாக ஜப்பானுக்குச் சென்றது என்பது நமக்கு மேலும் இனிக்கும் செய்தி!

விருத்தாசலமும் ஒரு சந்திப்புதான். இங்கும் வெண்மண் உண்டு, கைத்திறன் உண்டு, முந்திரியும் மல்லாட்டையும் தவலை வடையும் உண்டு. அவ்வூரின் கிண்ணத்தில் அவ்வூரின் உணவை அவ்வூரின் நிலையத்தில் வழங்கினால் ஆகாதா? வருவோர் கேட்டால்தான் தருவோர் தோன்றுவர். வருவோரோ அறிந்தால்தான் கேட்பர்.

அறியாமையால் வரும் இழப்புக்கு இவ்வூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. பழமலைநாதர் கோயிலின் கற்சிற்பமாகிய அர்த்தநாரீசுவரர் களவு போய், 2004-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரக் கலைக்கூடம் ஒன்றுக்கு விலையாயிற்று. அது இக்கோயிலினது என்று மெய்ப்பிக்க உதவியவை, முன்பே எவரோ அக்கறையோடு எடுத்து வைத்திருந்த ஒளிப்படங்கள். 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அச்சிலையை நம் நாட்டிடம் திருப்பி அளித்தார். யாரும் உற்றுப் பாராத பொருள் போனது தெரியாமலே போய்விடும். ஒருவர் பார்த்துக் குறித்து வைத்த பொருள் கடல் கடந்தும் திரும்பி வரும். சிலைக்கு மட்டுமா இவ்விதி? ஒரு பலகாரத்துக்கும், ஒரு கைத்தொழிலுக்கும், மல்லாட்டை என்ற ஒரு சொல்லுக்கும் இதுவே விதி.

ஆகவே மாணவர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் விருத்தாசலத்தில் இறங்குங்கள். மாசி மகத்தை ஒட்டிச் சென்றால் ஆற்றங்கரைத் திருவிழாவைக் காணலாம்; கார்த்திகைக்கு முன் சென்றால் விளக்குச் சூளைகள் எரிவதைக் காணலாம்; கோடையில் சென்றால் முந்திரியும் பலாவும் கிடைக்கும். ஒரு பக்கத்தில் மண்ணின் நிறத்தை எழுதுங்கள். மறுபக்கத்தில் தொழிலாளியின் பேச்சை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். உண்டவற்றின் பெயரையும் செய்முறையையும் கேட்டு எழுதுங்கள். திரும்பும்போது ஓர் அகல் விளக்கையாவது விலை குறைக்கக் கேளாமல் வாங்கி வாருங்கள். உங்கள் ஊரும் இதேபோல் எவரும் இறங்காத நிலையமாக இருக்கலாம். அதற்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் நீங்களே.